பனி போட்ட கணக்கு!



வட துருவத்துக்குப் பக்கத்தில் கப்பலில் போய் வந்தேன் என்று சொன்னால், எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அங்கே முதல் மூன்று நாளில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால், வெளிநாட்டுப் பயணம் கிளம்பும் சகோதரிகளுக்கு உபயோகமாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

என்னவர் அரசுப் பள்ளியில் 32 வருஷம் பூகோள வாத்தியார். கரும்பலகையில் ஆர்க்டிக் வட்டத்தை ஆயிரம் தடவை வரைந்திருப்பார். நேரில் பார்த்ததோ கொடைக்கானல் குளிர் மட்டும்தான். மூன்று வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, "நமக்கென்ன இனிமே" என்று ஈஸிசேரே கதியாகக் கிடந்தார். அவருக்கு எழுபது ஆனபோது, "பீமரத சாந்திக்கு மண்டபம் எல்லாம் பிடிக்காதீங்கம்மா. அப்பாவை ஆர்க்டிக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் ஆஸ்லோவில் இருக்கும் மகள். டாக்டரும் சரி என்றார். என்னவர் எழுந்து உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஹிமாத்ரி பார்க்க முடியுமாம்மா?"

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் நி-ஓலெசுண்ட் என்ற குட்டி ஆராய்ச்சி ஊரில் நம் நாடு 2008 ஜூலையில் திறந்த ஆய்வு நிலையம்தான் ஹிமாத்ரி. 1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்திலேயே அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்திருந்ததாம். சொல்லும்போதே அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

ஜூன் மாதக் கடைசியில் கிளம்பினோம். எட்டு நாள் பயணம். லாங்இயர்பியன் ஊரில் சாயங்காலம் 5 மணிக்குக் கப்பல். மறுநாள் காலை நி-ஓலெசுண்ட். பிறகு வடக்கே போய், ஹின்லோப்பன் நீரிணை வழியாக ஸ்பிட்ஸ்பெர்கன் தீவையே பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றித் திரும்புவது. அச்சடித்த அட்டையை என்னவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்லோவிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம். இறங்கப் போகிற நேரத்தில் கீழே ஒன்றுமே தெரியவில்லை, ஒரே மூடுபனி! அரை மணி நேரம் வட்டமடித்துவிட்டு, வட நார்வேயில் உள்ள டிரோம்சோவுக்குத் திருப்பி விட்டார்கள். அங்கே விமானத்துக்குள்ளேயே மணிக்கணக்காக உட்கார வைத்து, பனி விலகியதும் மறுபடி கிளம்பினோம். லாங்இயர்பியன் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. ஆனால் சூரியன் சுள்ளென்று அடிக்கிறது! ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இருபது தேதி வாக்கில் வரைக்கும் அங்கே சூரியன் மறைவதே கிடையாது.

பெட்டிகளை எண்ணினால் ஒன்று குறைகிறது. என்னவருடைய கம்பளித் துணிகள் இருந்த பெட்டி! அவருடைய மாத்திரைகளை மட்டும் நான் தோள்பையை விட்டு இறக்கவே இல்லை. அதனால் உயிர் போகிற பிரச்னை இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளையின் கம்பளிப் பேன்ட்டை மாமனார் மாட்டிக்கொண்டு, கீழே நான்கு மடிப்பு மடித்துவிட்டுக் கொண்டார். மேல்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கப்பலில் இரவல் கொடுத்தார்கள்.

எங்கள் விமானத்தில் இன்னும் நிறையப் பயணிகள் வந்ததால் கப்பல் காத்திருந்தது. கிளம்பியபோது மணி இரண்டு. உடனே ஒரு அறிவிப்பு. நி-ஓலெசுண்டில் எந்தக் கப்பல் எந்த நேரத்துக்கு வரும் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமாம். எங்கள் நேரம் தவறிப் போகும். மறுநாள் வேறு கப்பலின் முறை. நாம் நேராக மக்தலேனா ஃபியோர்டுக்குப் போகிறோம் என்றார்கள்.

என்னவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி சட்டைப்பையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் அந்த இடத்திலாவது இறங்கலாம் என்று பூட்ஸெல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். துப்பாக்கியோடு முன்னால் ரப்பர் படகில் போன வழிகாட்டிகள் திரும்பி வந்துவிட்டார்கள். கரையில் பனிக்கரடி! 2025 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் கடுமையாகிவிட்டது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை கரடிக்கு 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மற்ற மாதங்களில் 300 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் குறிப்பிட்ட 43 இடங்களில்தான் இறங்கலாம். கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே கப்பலிலிருந்தே பைனாகுலரில் பார்த்தோம். பழுப்பேறிய வெள்ளை மூட்டை ஒன்று மெதுவாக நடந்து போயிற்று. "அது வீட்டுக்கு நாமதானே வந்திருக்கோம்? அதான் வாசல்ல நிக்குது" என்றார் என்னவர். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் அடுத்த இடி. நார்வே வானிலை நிலையத்தின் பனி வரைபடத்தைக் கப்பல் கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். ஹின்லோப்பன் முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் கடல் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிதக்கும் ஐஸ். வடக்கத்திக் காற்று ஐஸையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து நீரிணையை அடைத்துவிட்டது. நுழைந்தால் கப்பல் சிக்கிக்கொள்ளும். தீவைச் சுற்றுவது ரத்து!

ஒரு பயணி எழுந்து, "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே?" என்று சத்தம் போட்டார். பாதை மாறலாம் என்று பயணச்சீட்டு நிபந்தனையில் போட்டிருக்கிறது என்று பொறுமையாகப் பதில் வந்தது. மகள் என் தோளில் சாய்ந்து, "அப்பாவுக்கு ஆசையா செஞ்சேனேம்மா, எதுவுமே நடக்கலையே" என்று அழுதுவிட்டாள்.

என்னவரோ எழுந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போனார். விரலால் ஏதோ கோடு போட்டார். திரும்பி வந்து, "சுத்த முடியலேன்னா வந்த வழியேதானே திரும்பணும்? மேற்குக் கரையோரமா? அப்போ நி-ஓலெசுண்ட் வழியிலதானே வருது!" என்றார். பூகோள வாத்தியார் ஆயிற்றே! மாப்பிள்ளை ஓடிப்போய் விசாரித்தார். கப்பல்காரர்களும் அதையேதான் யோசித்து, புதிதாக நேரம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

ஆறாம் நாள் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அங்கே நுட்பமான ரேடியோ கருவிகள் இருப்பதால் செல்போன், வைஃபை எல்லாம் அணைத்துவிட வேண்டும். ஹிமாத்ரி வாசலுக்கே போய்விட்டோம். என்னவர் பக்கத்தில் நின்று, கூட வந்த வெள்ளைக்காரர்களுக்கு 1920 ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பித்துப் பாடமே நடத்திவிட்டார். கையில் சாக்பீஸ் இல்லாததுதான் குறை. பனி வழியை அடைக்காமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது. அதே பனியால் தீவைச் சுற்றுகிற பாக்கியம் போனதும் உண்மை. அந்தக் கணக்கு நம் கையில் இல்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* கப்பல் கிளம்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே ஊர் போய்ச் சேருங்கள்.

* ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்குள் வராது. போய்த் திரும்ப வேண்டுமானால், நார்வேக்குள் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா அவசியம்.

* மாத்திரை, மருந்துச்சீட்டு, ஒரு செட் கம்பளித் துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

* தாமதம், மருத்துவச் செலவு, அவசரமாக விமானத்தில் கொண்டு போகும் செலவு எல்லாம் சேர்ந்த இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

* பாதை மாறினால் பணம் திரும்புமா என்று கட்டும் முன்பே கேளுங்கள்.

* பெரியவர்களின் ஒரே ஆசை எதுவோ, அதை முதல் நாளே கப்பல் வழிகாட்டியின் காதில் போட்டு வையுங்கள்.

– ஒரு வாசகி, மயிலாடுதுறை.