திரையரங்கின் பூதங்களும் தெருவில் இறங்கிய பூதமும்

பழைய திகில் படங்களின் இரசிகர்கள் ஒன்றுகூடினால் எழும் முதல் விவாதம், எந்தப் பூதம் பெரியது என்பதாகும். கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் படமும் வெள்ளவத்தை சவோயில் ஆங்கிலப் படமும் பார்த்து வளர்ந்த கொழும்புத் தலைமுறைக்கு இவ்விவாதம் புதிதன்று. ஒருவர் டிராகுலாவை முன்னிறுத்துவார்; மற்றவர் பிராங்கென்ஸ்டைனை விட்டுக்கொடுக்கமாட்டார்; இன்னொருவர் கொட்சில்லாவின் பக்கம் நிற்பார். வலிமையையும் பயங்கரத்தையும் கொண்டே இவ்வொப்பீடு பெரும்பாலும் செய்யப்படுகின்றது. ஆனால், இப்பூதங்களை மனிதர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று நோக்கின், இது வெறும் பொழுதுபோக்கு விவாதமாக நின்றுவிடாது.

1931ஆம் ஆண்டு வெளிவந்த 'டிராகுலா' படத்தில் பெலா லுகோசி ஏற்ற பாத்திரம், நன்னடத்தையின் போர்வையில் வரும் பிரபுவாகும். அவனை இனங்காண்பவர் பேராசிரியர் வான் ஹெல்சிங். ஐயம் எழுந்தவுடன் அவர் ஊரைக் கூட்டவில்லை. அவனது உருவம் கண்ணாடியில் தெரிகிறதா என்று சோதித்து, தெரியவில்லை என்பதைத் தம் கண்ணாற் கண்ட பின்னரே செயலில் இறங்குகிறார்.

அதே ஆண்டில் வெளிவந்த 'பிராங்கென்ஸ்டைன்' இதற்கு நேர்மாறானது. 1818ஆம் ஆண்டு வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலை மூலமாகக் கொண்டது அது. பிராங்கென்ஸ்டைன் என்பது விஞ்ஞானியின் பெயரேயன்றிப் பூதத்தின் பெயரன்று. பிணங்களின் உறுப்புகளைப் பொருத்தி ஆக்கப்பட்ட அவ்வுயிருக்குப் பெயரே இல்லை. ஏரிக்கரையில் ஒரு சிறுமி தன்னோடு விளையாட அழைத்து, பூக்களை நீரில் மிதக்கவிடுகிறாள். அவளும் பூவைப்போல் மிதப்பாள் என எண்ணி அது அவளை நீரில் எறிந்துவிடுகின்றது. சிறுமி இறந்தது உண்மை. ஊரின் துயரமும் உண்மை. ஆயினும் தீப்பந்தங்களோடு திரண்ட ஊரார் எதையும் விசாரிக்கவில்லை. காற்றாலையோடு சேர்த்து அதனை எரிக்கின்றனர். அவ்வுயிரை ஆக்கிய விஞ்ஞானியே அந்தத் தேடுதலில் முன்னின்று நடக்கிறார் என்பதுதான் கதையின் கூர்மை.

1954ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய 'கொட்சில்லா' மூன்றாவது வழியைக் காட்டுகின்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுக்கு ஜப்பானிய மீன்பிடிப் படகொன்று உள்ளாகியது. அந்த அச்சத்தின் நிழலில் உருவானது இப்படம். பூதத்தை அழிக்கவல்ல ஆயுதத்தைக் கண்டுபிடித்த செரிசாவா, அது தவறானோர் கையிற் சிக்கலாகாது என்பதற்காகத் தமது குறிப்புகளை எரித்து, பூதத்தோடு தாமும் கடலடியில் மடிகிறார்.

ஆக, அச்சத்தை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று: சோதித்தறிதல், கும்பலாகத் திரளுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல். இவற்றுள் நாம் தேர்ந்தது எது என்பதே இன்றைய வினா.

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இந்நாட்டில் ஒரு பூதம் தெருவில் இறங்கியது. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குவதாக மலையகம் முதல் கிழக்கு வரையும், புத்தளம் முதல் யாழ்ப்பாணம் வரையும் பேச்சுப் பரவியது. தாக்கப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டனர். துரத்தப்பட்டோர் படைமுகாம்களுக்குள் ஓடி மறைந்ததாக மக்கள் குற்றஞ்சாட்டினர். அதிகாரிகள் அதனை மறுத்தனர். நம்பத்தகுந்த விசாரணை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. மலையகத்தில் சந்தேகத்தின்பேரில் மனிதர் அடித்துக் கொல்லப்பட்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கும்பலின் கையில் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையிலோ, மர்ம மனிதரைத் துரத்திய மக்களே இரவோடிரவாகச் சுற்றிவளைக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகினர்.

திரைப் பூதங்களுக்கும் கிறீஸ் பூதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னவற்றுக்கு முகம் உண்டு. முகமற்ற பூதத்துக்கு எவர் முகத்தையும் பொருத்திவிடலாம். அந்நியனின் முகம், அயலவரின் முகம், வேற்றினத்தாரின் முகம் என அது மாறிக்கொண்டே இருக்கும்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில் அது மீண்டும் தோன்றியது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாகக் கிளம்பிய வதந்தியால் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். வான் ஹெல்சிங்கின் கண்ணாடி இங்கும் இருந்தது. ஆனால் அது தீப்பந்தத்துக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

நமது மண்ணில் இதற்கு மாற்று வழியும் இருந்தது. மகாசோனா என்னும் மயானப் பேய்க்குத் தென்னிலங்கைச் சடங்குகளில் கரடி முகம் பொருத்தி, ஆடவிட்டு, படையல் கொடுத்து, விடியுமுன் அனுப்பிவைப்பர். அச்சத்துக்கு முகம் கொடுத்து அதனோடு பேசி விடைகொடுக்கும் முறை அது. இன்று வதந்தி கைத்தொலைபேசியில் நொடியில் பரவுகின்றது. விசாரணையை விரைந்தும் வெளிப்படையாகவும் நடத்துவது அரசின் கடமை. அதுவரை தீப்பந்தத்தை ஏந்தாதிருப்பது நம் கடமை. பழைய படங்களில் எந்தப் பூதம் பெரியது என்ற விவாதம் தொடரட்டும். ஆனால் பெயரற்ற அவ்வுயிரின் கதையில் மிகவும் அஞ்சத்தக்கது எது என்று கேட்டால், காற்றாலையைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தையே சுட்டவேண்டியிருக்கும்.