பானையடி வண்டலும் உப்புக் கழிவும்

கலங்கிய ஏரித் தண்ணீரைத் தெளிய வைக்க அன்று பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். சற்று நேரத்தில் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மொண்டுகொள்வார்கள். கலங்கலுக்கு அது போதும். இலைதழை மக்கிக் கரைந்த பழுப்புக்கும், கிணற்று நீரின் கடினத்தன்மைக்கும் அது மருந்தல்ல. கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வெந்நீர்த் தவலையின் உள்ளே படிந்த வெள்ளையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஊரில் எங்காவது ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும். குடங்கள் அங்கே போகும்.

இன்று அடுக்குமாடியின் பம்ப் அறையில் ஆளுயர ஃபைபர் உருளை நிற்கிறது, நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர். உள்ளே தேன்நிற ரெசின் மணிகள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. கடினத்தன்மை தரும் கால்சியமோ மக்னீசியமோ வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாகச் சோடியத்தை விடுகின்றன. கடினத்தன்மையை அளக்க அன்று ஆய்வுக்கூடத்தில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, புட்டியைக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இன்று சாஃப்ட்னர் பராமரிக்க வருபவர் சிறு குப்பியில் சொட்டுகளை எண்ணுகிறார். சிவப்பு நீலமாகும் சொட்டோடு கணக்கு முடிகிறது.

பழுப்பைத் தரும் கரைந்த கரிமப் பொருளுக்கும் வழி இந்தப் பரிமாற்றமே, மணிதான் வேறு. அது குளோரைடைக் கொடுத்துக் கரிமத்தை வாங்கிக்கொள்ளும். பழுப்பு நிறம் வெறும் கண்ணுறுத்தலாக இருந்த காலம் 1974-இல் முடிந்தது. அந்தக் கரிமத்தோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகிறது என்று நெதர்லாந்து வேதியியலாளர் ரூக் அந்த ஆண்டில் காட்டினார். 2001-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுன்ட் பிளசன்டில், காந்தத்தன்மை கொண்ட நுண்மணிகளை நீரில் கலக்கும் நிலையம் வந்தது. அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு சட்டென்று அடியில் படியும். தேற்றாங்கொட்டையின் வேலைதான், படிவது மட்டும் சேறல்ல, கழுவி மறுபடி பயன்படுத்தும் மணி.

கழுவுவதில்தான் விஷயம் இருக்கிறது. பானையடி வண்டலைச் செடிக்கு ஊற்றிவிடலாம். ரெசினையோ உப்புக் கரைசலால் கழுவ வேண்டும்: 1 கிலோ கடினத்தன்மைக்கு (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால்) ஏட்டுக் கணக்கில் 1.17 கிலோ உப்பு, நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600-ஐ முழுக்க நீக்கினால் நீரில் ஏறத்தாழ 275 மி.கி. சோடியம் ஏறும். அதுபோக, கழிவாக வெளியேறும் உப்பு தனி.

மண்ணே இப்படிப் பரிமாறுகிறது என்பதை 1850-இல் விளக்கியவர் இங்கிலாந்து வேதியியலாளர் வே. அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு சுண்ணத்தை விடும் மண்ணை அவர் ஆராய்ந்தார். தோட்டத்தில் விடும் உப்புக் கழிவும் அதையே செய்கிறது. களிமண்ணிலிருந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் உட்காரும்; மண் இறுகி மழைநீரை உள்ளே விடாது. உப்பு மூட்டைக்கான செலவு அசோசியேஷன் கணக்கில் மாதந்தோறும் வருகிறது. கழிவு சாக்கடைக்குப் போகிறதா, மழைநீர்க் குழிக்குப் போகிறதா என்பது பெரும்பாலும் குழாய் போட்டவருக்கு மட்டுமே தெரியும்.