முப்பது நொடிச் சாவி

கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் கிடையாது, வைஃபை கிடையாது. இப்போது கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலியைத் திறந்தால், ஆறு இலக்க எண் ஒன்று தெரியும். முப்பது நொடி முடிந்ததும் அது மறைந்து, வேறோர் எண் வரும். யாருமே அனுப்பாத இந்த எண்ணை, எங்கோ இருக்கும் சர்வர் எப்படிச் சரியென்று ஏற்கிறது?

அந்தச் செயலியில் உங்கள் கணக்கைச் சேர்த்த நாளில், திரையில் வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்திருப்பீர்கள். அதற்குள் ஒரு நீண்ட ரகசியச் சாவி இருந்தது. அதன் ஒரு படி சர்வரில் இருக்கிறது, இன்னொரு படி உங்கள் கைபேசியில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான இன்னொன்று, நேரம். 1970 ஜனவரி 1, நம் நேரப்படி காலை 5.30 மணியிலிருந்து கடந்த நொடிகளைக் கணினிகள் எண்ணி வருகின்றன. அந்தக் கணக்கு இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. செயலி அதை முப்பதால் வகுத்து, வரும் ஈவை ரகசியச் சாவியோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் அரைத்து, கிடைப்பதிலிருந்து ஆறு இலக்கம் எடுக்கிறது. சர்வரும் இதே கணக்கைப் போடுகிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாதது போல, அந்த எண்ணை வைத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வழிமுறை 2011இல் பொது வரையறையாக வெளியானது. ஒரே செயலி பல நிறுவனக் கணக்குகளுக்கும் பயன்படுவது அதனால்தான்.

பாஸ்வேர்டு நமக்குத் தெரிந்தது, இந்த எண்ணைத் தரும் கைபேசி கையில் இருப்பது: இந்த இரட்டைக் காவல் நமக்குப் பழக்கமானதே. ஏடிஎம்மில் அட்டையும் வேண்டும், பின் நம்பரும் வேண்டும். இணையத்தில் அட்டை வழியே பணம் கட்டவும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டில் கட்டாயமாக்கியது.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி நல்லதுதான். ஆனால் அது சிம்மை நம்பி இருக்கிறது. உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால், எண்கள் அவருக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கைபேசி எண்ணையே கைப்பற்றி, குறுஞ்செய்தி வழியாக அவர் கணக்கில் பதிவு போட்டார்கள். செயலியில் உருவாகும் எண்ணுக்கு இந்த ஆபத்து இல்லை.

செயலிக்கும் ஒரு பலவீனம் உண்டு. “சார், பேங்கிலிருந்து பேசுறோம், இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க” என்று கேட்பவரிடம் சொல்லிவிட்டாலோ, போலி இணையதளத்தில் தட்டிவிட்டாலோ, அந்த முப்பது நொடி திருடனுக்குப் போதும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வந்துள்ள ‘பாஸ்கீ’ என்ற டிஜிட்டல் சாவி இந்த ஓட்டையையும் அடைக்கிறது. அது இணையதளத்தின் முகவரியோடு பிணைந்தது. ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் வேலை செய்யாது. வாய்விட்டுச் சொல்வதற்கும் அதில் எண் எதுவும் கிடையாது.

எங்கே தொடங்குவது? முதலில் மின்னஞ்சல். மற்ற கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும். அது போனால் மற்றவையும் வரிசையாகப் போகும். செட்டிங்ஸில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்று தேடி, இன்றே இயக்குங்கள். கூடவே தரப்படும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். கைபேசி தொலைந்த நாளில் உங்களை உள்ளே விடப்போவது அந்தத் தாள்தான்.