இதயத் தழும்பை அளக்கும் மின்முனைகள்: இடைவெளி மாறினால் வரைபடமும் மாறும்

மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவர், சில ஆண்டுகள் கழித்துத் திடீரென மயங்கி விழக்கூடும். இரத்தக் குழாய் மீண்டும் அடைபட்டதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழைய மாரடைப்பு இதயத்தில் விட்டுச்சென்ற தழும்பும் காரணமாக இருக்கலாம்.

இரத்தம் கிடைக்காமல் இறந்துபோகும் இதயத் தசையின் இடத்தில் நார்த்திசு உருவாகிறது. அது சுருங்காது, மின்துடிப்பையும் கடத்தாது. ஆனால், அந்தத் தழும்புக்குள் உயிர்பிழைத்த தசை இழைகள் சில, ஒற்றையடிப் பாதைகளைப்போல் எஞ்சியிருக்கும். மின்துடிப்பு அவற்றின் வழியே மெதுவாக ஊர்ந்து வெளியேறி, சுற்றிவந்து, மீண்டும் அதே பாதைக்குள் நுழைந்தால் ஓயாத சுழற்சி தொடங்கிவிடும். ஓய்வு நேரத்தில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும் இதயம் 150, 200 என விரையும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மின்சாரத்தால் ஒரு வரைபடம்

இதற்கான சிகிச்சைகளில் ஒன்று, அந்தப் பாதையைக் கண்டுபிடித்து வெப்பத்தால் சுட்டுத் துண்டிப்பது. தொடைப் பகுதியின் இரத்தக் குழாய் வழியாக, கத்தீட்டர் எனப்படும் மெல்லிய குழாயை மருத்துவர் இதயத்திற்குள் செலுத்துகிறார். அதன் நுனியில் உள்ள மின்முனைகள் இதயச் சுவரின் ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தத்தை அளக்கின்றன. கணினி அந்த அளவுகளை வண்ண வரைபடமாக்குகிறது. பெரும்பாலும் ஊதா நிறம் நல்ல தசையையும் சிவப்பு நிறம் தழும்பையும் குறிக்கும்.

எங்கே சுடுவது என்பதை முடிவுசெய்ய மருத்துவர் பெரிதும் நம்புவது இந்த வரைபடத்தைத்தான். ஆனால், இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி மாறினாலே வரைபடத்தின் நிறங்களும் மாறக்கூடும்.

கடலில் இரண்டு மிதவைகள்

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வோல்ட்மீட்டர் காட்டுவது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை. கத்தீட்டரும் அப்படித்தான்: ஒரு மின்முனையின் அளவிலிருந்து மற்றதன் அளவைக் கழிக்கிறது.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரண்டு மிதவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விடுவதாக வைத்துக்கொள்வோம். தொலைவில் செல்லும் கப்பல் எழுப்பிய அகலமான அலை வந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே உயர்ந்து தாழும். வேறுபாடு மிகக் குறைவு. அருகில் எழும் சிற்றலையோ ஒன்றை உயர்த்தி, மற்றதைத் தாழ்த்தும். அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இப்போது மிதவைகளைத் தள்ளித்தள்ளி வைப்போம். கப்பல் அலையே பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிடும். சிற்றலை அதில் மறைந்துபோகும்.

இதயத்தில் அந்தக் கப்பல் அலை, தள்ளியிருக்கும் நல்ல தசையின் வலுவான மின்துடிப்பு. சிற்றலை, தழும்புக்குள் எஞ்சிய மெல்லிய இழையின் மின்துடிப்பு. மின்முனைகள் விலகி இருந்தால், தழும்பின்மேல் வைத்து அளந்தாலும் பக்கத்துத் தசையின் மின்துடிப்பு கலந்துவிடும். சுட வேண்டிய பாதை கண்ணில் படாமல் போகலாம்.

1.5 எங்கிருந்து வந்தது?

மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் அளவுகோல் ஒன்று உண்டு. 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல தசை, 0.5க்குக் கீழே இருந்தால் அடர்ந்த தழும்பு. இடைப்பட்டது எல்லைப் பகுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் மார்ச்லின்ஸ்கி குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கிய அடித்தளம். அவர்கள் பயன்படுத்திய கத்தீட்டரின் நுனி மின்முனை 4 மில்லிமீட்டர் நீளமுடையது.

இன்றைய கத்தீட்டர்களின் அமைப்பே வேறு. ஒன்றில் 16 சிறிய மின்முனைகள் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. கூடை வடிவில் உள்ள இன்னொன்றில் 64 மின்முனைகள் இருக்கின்றன. மின்முனையின் அளவும் இடைவெளியும் மாறும்போது, அதே தசைக்குக் கிடைக்கும் மில்லிவோல்ட் எண்ணும் மாறுகிறது. நெருக்கமான இணையில் நல்ல தசைகூடக் குறைந்த எண்ணைக் காட்டலாம். பழைய எல்லையை அப்படியே வைத்துக்கொண்டால், உயிருள்ள தசையையும் தழும்பு என்று எண்ணிச் சுட்டுவிடும் அபாயம் உண்டு.

நெருக்கமாக வைத்தால் போதுமா?

போதாது. மின்துடிப்பு வரும் திசையும் முக்கியம். ஓர் அலை இரண்டு மிதவைகளையும் ஒரே நொடியில் தொட்டால், வேறுபாடு ஏறக்குறைய சுழியம்தான். அலை பெரிதாக இருந்தாலும் கடல் அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். அதனால்தான் கட்டம்போன்ற கத்தீட்டர்கள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து, இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கின்றன.

மேலும், நெருக்கமான இணை சுவரின் மேற்பரப்பை நுணுக்கமாகப் பார்க்குமே தவிர, ஆழத்தில் நடப்பதை அவ்வளவாக அறியாது. ஆழத்தில் புதைந்த தழும்பைத் தேட வேறு அளவீட்டு முறைகளும், காந்த அதிர்வு ஸ்கேன் போன்ற படங்களும் துணைக்கு வருகின்றன.

மருத்துவம், இயற்பியல், கணினி மூன்றும் சந்திக்கும் துறை இது. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு இங்கே இன்னும் நிறைய வேலை காத்திருக்கிறது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது, எந்தக் கருவியால், எந்த இரு புள்ளிகளுக்கு இடையே அளந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இதய மருத்துவர்களுக்கும் அந்தக் குறிப்பு தேவைப்படுகிறது.