ஒரு மாதத்துக்குள் ஒரு கடிதம்: மனித உரிமைகள் ஆணைக்குழு நமக்கு என்ன செய்யும்?



"மனித உரிமை" என்ற சொல்லை ரேடியோவிலும் மேடையிலும் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுவிட்டு, "அதெல்லாம் கொழும்பில் இருக்கிற பெரிய ஆட்கள் பேசுற விஷயம், கொழுந்துக் கூடை சுமக்கிற நமக்கு எதுக்கு?" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. உரிமை என்பதை இழந்து பார்த்தவர்கள் நம்மைப்போல் வேறு யார் இருக்கிறார்கள்?

நம்முடைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதே வருஷம் டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை பாரிஸ் நகரில் கூடி, உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்பதும் அதில் ஓர் அம்சம். இரண்டுக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. ஆனால் அந்த உரிமை லயத்தின் கடைசிக் காம்பரா வரை வந்து சேர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை, 55 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று நாம் இந்த நாட்டுப் பிரஜைகள். அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கும் அடிப்படை உரிமைகள் நமக்கும் சொந்தம். ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதை யாராவது மீறினால் எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனை நாளைக்குள் தட்டுவது என்றும் தெரிய வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆணைக்குழு என்றால் என்ன?

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்டது. 1997இல் வேலையைத் தொடங்கியது. இதில் ஐந்து உறுப்பினர்கள். அரசியலமைப்புப் பேரவை சிபாரிசு செய்ய, ஜனாதிபதி நியமிக்கிறார். தலைமை அலுவலகம் கொழும்பில். வெளி மாவட்டங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று கண்டியில். கலகெதர, ஹத்தரலியத்த பக்கத்து ஆட்கள் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். போகுமுன் 1996 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணி அலுவலக விலாசத்தைக் கேட்டுக்கொள்ளலாம். சட்டம் வந்த வருஷமும் 1996, போன் நம்பரும் 1996. மறக்காது.

இது கோர்ட் அல்ல. பொலிஸ் அல்ல. யூனியனும் அல்ல, கட்சியும் அல்ல. சந்தா இல்லை, பீஸ் இல்லை, லோயர் வைக்க வேண்டியதும் இல்லை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொல்லலாம்.

எதற்குப் போகலாம்?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஆணைக்குழு எல்லாக் குறைக்கும் மருந்து அல்ல. அரசாங்கத்தின் பெயரால் வேலை செய்கிறவர்கள் நம் அடிப்படை உரிமையை மீறினால், அல்லது மீறப்போகிறார்கள் என்றால், அதுதான் ஆணைக்குழுவின் வேலை. பொலிஸ், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், பிரதேச சபை, அரசாங்கப் பாடசாலை, அரசாங்க ஆஸ்பத்திரி, சிறைச்சாலை எல்லாம் இதில் அடங்கும்.

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

ஒரு தம்பியைக் களவுச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. பிடித்த காரணத்தை அவனிடம் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டப்படி, பயண நேரம் போக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அடிக்கக் கூடாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடைசெய்கிறது. அவசரகாலச் சட்டம் இருந்தாலும், அவன் உண்மையிலேயே களவெடுத்திருந்தாலும், அதற்கு விதிவிலக்கு இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். "உள்ள வச்சு அடிக்கிறாங்க" என்று தகவல் போனால், ஆணைக்குழு உத்தியோகத்தர்களுக்குப் பொலிஸ் ஸ்டேஷனுக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு.

இன்னொன்று பாஷை. தும்பனைப் பிரதேச செயலகம் கலகெதரயில் இருக்கிறது. இந்தப் பிரதேசத்தில் தோட்டத்துத் தமிழர் சிறுதொகையினர்தான். அதனால், "இங்க சிங்களத்தில தான் எழுதணும்" என்று யாராவது சொன்னால் நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசமாக இருந்தாலும், பொதுமகன் ஒருவர் தமிழில் கடிதம் கொடுக்கலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் போன்ற பதிவுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கவும் உரிமை உண்டு. இனம், மதம், மொழி, சாதி, ஆண் பெண் என்ற காரணங்களால் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது 12ஆம் உறுப்புரை. பொலிஸில் வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், "வாசித்து விளங்கப்படுத்துங்கள்" என்று கேளுங்கள். தெரியாமல் வைத்த கையெழுத்துப் பின்னால் நம் கழுத்துக்கே வரும்.

மூன்றாவது, பிரதேச சபை. "தோட்டத்து ரோடு எங்களுக்குச் சேராது, துரையிடம் கேளுங்கள்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முந்திய சட்டம் அப்படி ஒரு சாக்குச் சொல்ல இடம் கொடுத்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சேவை செய்ய வழி திறக்கப்பட்டது. இனி அந்தப் பழைய பதிலைச் சொன்னால், அதை எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கள்.

எதற்கு வேறு கதவு?

சம்பளம் குறைத்துப் போட்டார்கள், பெயரை வெட்டினார்கள், சேவைக்காலப் பணம் தரவில்லை, ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை என்றால், தனியார் கம்பனித் தோட்டத்தைப் பொறுத்தவரை அது ஆணைக்குழுவின் வேலை அல்ல. தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபை. பக்கத்துக் காம்பராக்காரரோடு வாய்ச்சண்டை, சிறிய கடன் பிரச்சினை என்றால் இணக்கசபை.

ஆனால் எல்லாத் தோட்டமும் தனியார் கம்பனி அல்ல. கண்டி, மாத்தளை மலைகளில் ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகியவற்றின் தோட்டங்கள் இருக்கின்றன. இவை அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. அங்கே துரை செய்வது அரசாங்கத்தின் செயலா என்ற கேள்வியை ஆணைக்குழுவிடம் கேட்கலாம். ஆகவே முறைப்பாடு எழுதுமுன், நம் தோட்டம் யாருடையது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஒரு மாதம்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அதற்குள்ள தவணை ஒரே ஒரு மாதம். தோட்டத்தில் ஒருவர் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, தலைவரைப் பார்த்து, லோயருக்குக் காசு தேடி முடிப்பதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். அதன் பிறகு நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கேட்பது கஷ்டம்.

இந்த இடத்தில்தான் ஆணைக்குழு கைகொடுக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்க மாட்டார்கள். இது ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஏழைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒரு கவனம்: முறைப்பாடு கொடுத்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு தரும் இலக்கம், அனுப்பும் கடிதங்கள், விசாரணைத் திகதி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வழக்குப் போகும் அளவுக்கு விஷயம் பெரிதென்றால், அதே நேரத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவிலும் ஆலோசனை கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

பெரிய பாஷை வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

1. உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர்.

2. என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம்.

3. செய்தது யார்? பெயர் தெரியாவிட்டால் பதவி, எந்த அலுவலகம், யூனிபோர்மில் இருக்கும் இலக்கம்.

4. பார்த்தவர்கள் யார்?

5. ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், கடிதங்கள் ஆகியவற்றின் போட்டோ பிரதி. மூலப் பிரதியைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம்.

6. உங்களுக்கு என்ன நியாயம் வேண்டும் என்பது.

காயம் இருந்தால், முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் யார் அடித்தது என்பதையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வீக்கம் வற்றிவிட்டால் சாட்சியும் வற்றிவிடும்.

விலாசத்தில் இன்னொரு விஷயம். பல தோட்டங்களில் லயத்துக்கென்று தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து ஒப்பீஸுக்கு வந்து, அங்கிருந்து கை மாறிக் கை மாறி வருகிறது. சில நேரம் வராமலே போகிறது. விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம் கிடைக்காவிட்டால் முறைப்பாடு வீண். ஆகவே நம்பிக்கையான ஒரு கடை, பாடசாலை, டவுனில் இருக்கும் சொந்தக்காரர் ஆகியோரின் விலாசத்தை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு என்ன நடக்கும்?

ஆணைக்குழு சம்பந்தப்பட்ட அலுவலகத்திடம் விளக்கம் கேட்கும். தேவைப்பட்டால் இரு பக்கத்தாரையும் கூப்பிட்டு விசாரிக்கும். பொருத்தமான விஷயமென்றால் சமரசமாகத் தீர்க்கப் பார்க்கும். உரிமை மீறல் நடந்தது என்று கண்டால், என்ன செய்ய வேண்டும் என்று சிபாரிசு அனுப்பி, தவணையும் கொடுக்கும். அதன்படி நடக்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம். அது பாராளுமன்றத்துக்கு வரும்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆணைக்குழு ஒருவரை மறியலில் போட முடியாது. அதன் சிபாரிசு கோர்ட் தீர்ப்பு அல்ல. நாட்கள் இழுபடுவதும் உண்டு. 2006இல் அரசியலமைப்புப் பேரவை இல்லாமலே உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டபோது, 2007இல் சர்வதேச அமைப்பு இதன் தரத்தை "ஏ"யிலிருந்து "பீ"க்கு இறக்கியது. 2018இல்தான் "ஏ" திரும்பக் கிடைத்தது. எந்த நிறுவனமும் தானாக நல்லபடி நடந்துவிடாது. ஜனங்கள் போய்க் கேட்கக் கேட்கத்தான் அது வேலை செய்யும். அப்படியிருந்தும், ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ கிளார்க்கரோ தன் செயலுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வருகிறதே, அதுவே சிறிய விஷயம் இல்லை. அடுத்த ஆளிடம் கை ஓங்குமுன் யோசிப்பார்.

"நமக்கு ஏன் வம்பு?"

இந்தப் பேச்சுத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. "முறைப்பாடு கொடுத்தா பொலிஸ் இன்னும் கோபப்படும், தோட்டத்தில நிம்மதியா இருக்க ஏலாது" என்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, தனியாகப் போகாமல் இருப்பது. பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவருக்காக மனைவி, அண்ணன், ஆசிரியர், தோட்டத் தலைவர் யாரும் கொடுக்கலாம். ஒரே குறை பலருக்கு இருந்தால், எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்கலாம். முறைப்பாட்டுக்குப் பின் யாராவது மிரட்டினால், அதையும் திகதி போட்டு உடனே ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் கோயில் மடத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். இன்று நமக்குத் தேவை இல்லாமல் இருக்கலாம். தேவை வரும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நமக்குக் கிடைப்பது ஒரு மாதம்தான். அதற்குள் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும்.