வீட்டுப் பட்டியலும் கிராமசபையும்

தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழர்களுக்கு வீடு என்றால் லயம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன; 70 உயிர்கள் போயின. வீடு எந்த இடத்தில் அமைகிறது என்பதும் உயிர்ப் பிரச்னைதான்.

கேரளத்தில் 1996ல் மக்கள் திட்டம் தொடங்கியது. திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவாயிற்று. எந்த வேலை முதலில், யாருக்கு வீடு என்பதை வார்டுதோறும் கூடும் கிராமசபை விவாதிக்கிறது. 3 மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்திருக்க வேண்டும். 'லைப்' வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பட்டியலும் அங்கேதான் ஒப்புதலுக்கு வருகிறது.

பேச்செல்லாம் மலையாளத்தில் என்று கொழுந்து பறிப்போரும், சித்தூர் வட்டத்து விவசாயக் கூலிகளும் ஒதுங்கிவிடுவதுண்டு. நஷ்டம் அவர்களுக்கே. 1969ம் வருட ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு கொடுக்கலாம். பதிலும் தமிழில் பெறலாம். ஒரு நாள் கூலி போனாலும் கிராமசபைக்குப் போவது நல்லது. பெயர் விடுபட்டிருந்தால், பட்டியல் முடிவாகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.