அணியை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள்

1976-இல் வெளிவந்த ‘மூன்று முடிச்சு’ படத்தில் ஒரு படகுக் காட்சி உண்டு. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் காதலர்கள். துடுப்பு ரஜினிகாந்த் கையில். கண்ணதாசன் எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த பாட்டை ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடுகிறார்கள். ஓர் அடி எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடி தொடங்கும். கோயில்களில் அபிராமி அந்தாதி பாடும்போது நாம் கேட்கும் அதே அந்தாதிக் கட்டு.

காதலன் தண்ணீரில் விழுகிறான். துடுப்புப் போடுகிறவன் காப்பாற்றாமல் படகைச் செலுத்துகிறான். அங்கே அறுந்திருக்க வேண்டிய பாட்டு அறுவதில்லை. எம்.எஸ்.வி.யின் குரலில் அந்த மூன்றாமவன் அதைத் தொடர்கிறான். தொடக்கத்தில் காதலுக்கு அழகு சேர்த்த ஆற்றின் அலைகள், கடைசி அடியில் விதியை முடித்துவைக்கும் அலைகளாகத் திரும்பி வருகின்றன. முடிவு தொடக்கத்தோடு இணைய வேண்டும் என்ற அந்தாதி மரபும் நிறைவேறிவிட்டது. ஒரு கொடுமையும் சொல்லப்பட்டுவிட்டது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் இந்தப் பாட்டை வானொலி ஆறில் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். இன்று மின்னல் எப்.எம்.மில் ஒலித்தாலும் அவர்கள் கூடவே பாடுவார்கள். தாங்கள் ஓர் அந்தாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

லயத்திலிருந்து தாமானுக்கு

இப்படிப் பாடி வளர்ந்தவர்களின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர் பயிரிடலுக்கு அதுவே தொடக்கம். பிறகு அது புக்கிட் அசாஹானுக்கு விரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, இந்த மண்ணில் வேர் விட்டார்கள். பால்மரம் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். தோட்டத்தோடு பல பழக்கங்கள் போயின. பாட்டு மட்டும் போகவில்லை. கல்யாண மண்டபத்திலும், காரிலும், சாப்பாட்டுக் கடையிலும் தமிழ் நம் காதில் ஓயாமல் விழுவது பாட்டாகத்தான்.

அந்தப் பாட்டைத் தமிழ் வகுப்புக்குள் அழைத்துவர வேண்டும் என்பதே என் கட்சி. நம் தமிழ்ப்பள்ளிகளில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்று ஒரு பகுதி உண்டு. உவமைத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி எல்லாவற்றையும் பிள்ளைகள் பொருளோடு மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் நல்லதுதான். ஆனால் அணியின் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குப் பாட்டைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

‘போல’ போன பிறகு

‘மடை திறந்த வெள்ளம் போல’ என்பது நாம் எல்லாரும் அறிந்த உவமைத்தொடர். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையில் வாலி எழுதிய பாட்டில், வாய்ப்புக்காகக் காத்திருந்த ஓர் இசைக்கலைஞன் தன்னையே அந்த வெள்ளமாகச் சொல்லிக்கொள்கிறான். ‘போல’ போய்விட்டது, உவமை உருவகமாகிவிட்டது. ‘போல’ இருக்கும்வரை அவன் கரையில் நின்று வெள்ளத்தைப் பார்க்கிறவன். அது போனதும் அவனே வெள்ளம். தேக்கி வைத்திருந்த ஆசை உடைத்துக்கொண்டு வரும் நேரத்துக்கு உருவகம்தான் பொருத்தம்.

உவமை செயலால், பயனால், வடிவால், நிறத்தால் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கு வகை சொன்னார். இது செயலால் பிறந்தது: பாய்ச்சல். அந்தப் பாட்டை மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் சொல்லிசையாக மறுபடி எடுத்தார்கள். சொல்லிசையை வெறும் சத்தம் என்று ஒதுக்குகிற பெரியவர்கள் ஒரு முறை காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒலி எங்கே மடங்கித் திரும்புகிறது என்று கவனித்தால், எதுகையும் மோனையும் இயைபும்தான் அங்கே தாளத்தை உந்துகின்றன.

சிலேடைக்குக் கண்ணதாசன் இரண்டு பாட்டில் பாடமே எடுத்திருக்கிறார். ‘வீர அபிமன்யு’ (1965) காதல் பாட்டில் சொற்றொடர்கள் வரிசையாகத் ‘தேன்’ என்று முடியும். தன்மை வினைமுற்றின் இடைநிலையும் விகுதியும் சேர்ந்த முடிவுதான். ஆனால் காதில் விழுவது தேன். ‘பலே பாண்டியா’ (1962) பாட்டில் காய்களின் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போவார். ‘அத்திக்காய்’ என்பதைப் பிரித்தால் ‘அத் திக்காய்’, அதாவது அந்தத் திக்கில் என்றாகும். ‘காய்’ நிலவைப் பார்த்து ஒளிவீசு என்று சொல்லும் ஏவலாகும். காய்கறிக் கூடையாகத் தெரிந்த பாட்டு, நிலவிடம் வைத்த கோரிக்கை என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

‘ஜீன்ஸ்’ (1998) படத்தில் வைரமுத்து இன்னும் ஒரு படி போனார். இலக்கணத்தையே உவமையாக்கினார். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. காதலர்களும் அப்படியே என்கிறது பாட்டு. இந்தப் பாட்டை அறிந்த பிள்ளைக்கு இரட்டைக்கிளவியின் விதியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலாக்காவுக்கு மட்டும் வாய்த்தது

வேறு ஊர்த் தமிழருக்கு இல்லாத ஒரு செல்வம் மலாக்காவில் இருக்கிறது. டொண்டாங் சாயாங் என்ற பாட்டுக் கலையை 2018-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வயலின், கொங், ரெபானா ஒலிக்க, இருவர் எதிரெதிராகப் பந்துன் என்னும் மலாய்ச் செய்யுளைப் பாடுவார்கள். மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசியர் ஆகியோரோடு மலாக்கா செட்டிகளும் அந்தக் கலையைக் காத்துவருகிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழரின் வழிவந்த செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது.

பந்துனில் நான்கு அடி. முதல் இரண்டும் ஒரு காட்சியை மட்டும் காட்டும். பின்னிரண்டும் சொல்ல வந்ததைச் சொல்லும். ஒன்றாம் அடி மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடி நான்காம் அடியோடும் இயைய வேண்டும். தமிழில் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

மங்கு நிறையப் பால்தான் வடியும்,
மழையே வந்தால் வீணாய் ஆகும்;
தங்க மனசே, சொன்னால் முடியும்,
தயங்கி நின்றால் நாளும் போகும்.

மழை பெய்தால் மங்கில் உள்ள பால் கெட்டுவிடும் என்பது பால்மரம் வெட்டியவர் வீட்டுச் செய்தி. அதை முன்னால் வைத்ததால், சொல்லாத காதலும் அப்படித்தான் வீணாகும் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. குறிஞ்சிப் பூவையும் சுனையையும் காட்டிவிட்டு மனத்தைச் சொல்லாமல் விடும் சங்கப் பாட்டின் உள்ளுறைக்கு இது தூரத்து உறவு. மலாய் வகுப்பில் பந்துன் படிக்கும் நம் பிள்ளைக்கு அகப்பாட்டின் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

ஒரு சோதனை

சினிமாப் பாட்டெல்லாம் பாடமா என்று கேட்பவர்களின் அக்கறை நியாயமானது. எல்லாப் பாட்டும் ஆகாது. தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: அணியை எடுத்துவிட்டால் பாட்டு எதை இழக்கும்? நிலவு போன்ற முகம் என்று ஆயிரத்தோராவது முறை வரும்போது, நிலவை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. படகுப் பாட்டில் அந்தாதியை எடுத்துவிட்டால், மூன்றாமவன் பாட்டைக் கைப்பற்றும் அந்தக் கணமே இல்லாமல் போகும். நல்ல அணி எது, ஒட்டவைத்த அலங்காரம் எது என்று பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லட்டும். அப்படித் தீர்ப்புச் சொல்லப் பழகியவர்கள் குறுந்தொகையைக் கண்டு அஞ்ச மாட்டார்கள்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தவணைக்கு ஒரு முறை பாட்டு வகுப்பு நடக்கட்டும். பிள்ளை ஒரு பாட்டைக் கொண்டுவரட்டும். அதில் ஓர் அணியைக் காட்டி, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லட்டும். தோட்டத்தில் பாடிய பாட்டியையும் தாத்தாவையும் வகுப்புக்கு அழைக்கட்டும். பந்துன் பாடும் செட்டிக் கலைஞர் ஒருவரும் வரட்டும். இதற்குப் பணம் வேண்டாம், புதுப் பாடநூலும் வேண்டாம். அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.